ஹெரால்டுக்குப் பெரிய காலிப்பர்: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

12 ஜனவரி 2025, காலை. கேள்வி, ஒயிட்ஃபீல்டிலிருந்து

1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு வண்டி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் முன்பக்க டிரம்மை எடுத்துவிட்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் வட்டு) கர்லிங் கம்பெனியின் 14 என்ற வகைக் காலிப்பரும் (பிஸ்டனால் பேட் என்ற உராய்வுக் கட்டைகளைத் தள்ளி அந்த வட்டைப் பிடிக்கும் பகுதி) போட்டிருக்கிறார். பிரேக் போதவில்லை. பெடல் கட்டையாக இருக்கிறது, அழுத்தி மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. கர்லிங் 16 வாங்கலாமா, இல்லை நேராக நாலு பிஸ்டன் அலுமினியக் காலிப்பருக்கே போய்விடலாமா? காலிப்பர் பெரிதானால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்பது என் எண்ணம். இந்த வண்டியோடு பழகியவர்கள் சொல்லுங்கள் அண்ணா.

12 ஜனவரி, இரவு

தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காலிப்பரின் அளவுக்கும் சம்பந்தமில்லை.

இடது பக்கம் இழுக்கிறது என்றால் இடது பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறது, வலது பிரேக் செய்யவில்லை என்று அர்த்தம். எல்லோரும் இழுக்கிற பக்கத்தைத்தான் பிரிப்பார்கள். நீங்கள் வலது சக்கரத்தைக் கழற்றுங்கள். பிஸ்டன் இறுகியிருக்கலாம், பேடில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம். இதில் ஒன்று இருக்கும், சில சமயம் மூன்றுமே இருக்கும். இதைச் சரி செய்யாமல் பெரிய காலிப்பர் போட்டால் இழுப்பு இன்னும் பலமாகும்.

பெடல் கட்டையாக இருப்பது வேறு விஷயம். டிரம் பிரேக்கில் முன்னால் இருக்கிற ஷூவை (டிரம்மின் உள்சுவரில் அழுந்தும் வளைந்த கட்டை) டிரம்மின் சுழற்சியே உள்ளே இழுத்து அழுத்தும். நம் கால் கொடுப்பது ஒரு பங்கு என்றால் டிரம் தானாக இன்னொரு பங்கு சேர்த்துக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான். டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றிய வண்டி எதுவும், சர்வோ (மிதிக்கும் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி) இல்லாவிட்டால், முதலில் கட்டையாகத்தான் தெரியும்.

உங்கள் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) துளை எவ்வளவு? அதைத் தெரிந்துகொள்ளாமல் காலிப்பரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

13 ஜனவரி

ஹோஸைப் பற்றி நேற்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன், அது போதாது.

அல்சூரில் என் வண்டியிலும் இதே இழுப்பு இருந்தது. ஹோஸ் வெளியே பார்க்கப் புதிது போல இருந்தது, வெடிப்பு இல்லை, ஈரம் இல்லை. கழற்றி பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உள்சுவர் ரப்பர் உப்பிப்போய், துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஓரிடத்தில் ரப்பர் நாக்குப் போல உரிந்து தொங்கியது. மிதிக்கும்போது உள்ள அழுத்தத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், காலை எடுத்ததும் அந்த நாக்கு துளையை மூடிக்கொள்ளும். ஆயில் திரும்பி வர வழியில்லாமல் பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே இருக்கும்.

அதனால் ஓட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மிதித்த கணத்தில் ஒரு பக்கம் இழுத்து, காலை எடுத்த பிறகு கொஞ்ச தூரம் மறுபக்கம் இழுத்தால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான் வர வேண்டும். உறுதி செய்வது சுலபம். ஜாக்கி வைத்து, கீழே ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தைத் தூக்குங்கள். ஒருவர் பெடலை மிதித்து விடட்டும். சக்கரம் சுற்றவில்லையா, காலிப்பரின் பிளீடிங் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) லேசாகத் திறங்கள். சொட்டு ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் ஹோஸ் போய்விட்டது. நிப்பிளைத் திறந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டன் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஹோஸ் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பூட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், முறுக்கிக்கொண்டோ டயரில் உரசிக்கொண்டோ இருக்கக் கூடாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் போட்டுக்கொடுத்த ஹோஸ் அரைச்சுற்று முறுக்கோடு இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்ததால் கண்ணில் பட்டது.

14 ஜனவரி

இன்று சங்கராந்தி, பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோடு முழுக்க மூடியிருக்கும். ஹெரால்டை ஜாக்கியில் ஏற்றியிருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்: முன் சக்கரத்தின் அடி டிரன்னியனுக்கு (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்ப உதவும் மரை மூட்டு) ஆயில் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், 90 கியர் ஆயில். கிரீஸ் அந்த மரைக்குள் போகாது. உள்ளே காய்ந்தால் வெர்ட்டிகல் லிங்க் (சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தூண்) அடியில் தேய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பலமாகப் பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் சுமை விழுகிறது. பிரேக்கை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் தொட வேண்டிய இடங்களில் இது ஒன்று. காலிப்பருக்குச் செலவு செய்வோர் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

16 ஜனவரி

தம்பி அளந்து சொன்னதற்கு நன்றி. மாஸ்டர் சிலிண்டர் துளை 0.70 அங்குலம். இனி கணக்குப் போடலாம்.

14 காலிப்பரின் பிஸ்டன் விட்டம் நான் வெர்னியரில் அளந்தபோது 48 மி.மீட்டர் சொச்சம். 16-இன் பிஸ்டன் 54. விட்டத்தில் 6 மி.மீட்டர்தான் வித்தியாசம், ஆனால் வேலை செய்வது பரப்பளவு: 48-க்கு சுமார் 1,810 சதுர மி.மீட்டர், 54-க்கு 2,290. அதே மிதிக்கு 26 சதவீதம் கூடுதல் பிடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிஸ்டனை நகர்த்த 26 சதவீதம் கூடுதல் ஆயில் வேண்டும், அது பெடல் இன்னும் கீழே போவதிலிருந்துதான் வர வேண்டும். ஏற்கெனவே பாதி தூரம் போகும் பெடல் என்றால் தரையைத் தேடிப் போகும்.

சரி, மாஸ்டர் சிலிண்டரை 3/4 அங்குலமாக மாற்றலாம் என்பார்கள். 0.70-இன் பரப்பு 248 சதுர மி.மீட்டர், 3/4-இன் பரப்பு 285. பெடல் தூரம் ஓரளவு மீளும். ஆனால் பரப்பு கூடியதால் அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் 13 சதவீதம் குறையும். 1.26-ஐ 0.87-ஆல் பெருக்கினால் 1.10. இவ்வளவு செலவுக்குப் பிறகு கையில் நிற்பது பத்து சதவீதம்தான்.

பிஸ்டனைப் பெரிதாக்கினால் பெடல் இலகுவாகும், ஆழமாகும். மாஸ்டரைப் பெரிதாக்கினால் பெடல் கட்டையாகும், மேலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் வாங்குவது அளவு தெரியாமல் சட்டைக்குத் துணி எடுப்பது போல.

ஆயில் தொட்டியையும் கவனியுங்கள். டிஸ்க் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், தொட்டியில் மட்டம் இறங்கும். டிரம்முக்கென்று வந்த சின்னத் தொட்டி இதற்குப் போதாது. ஸ்பிட்ஃபயரில் டிஸ்க்குக்காக உயரமான தொட்டி வைத்திருந்தார்கள். உங்களுடையது எது என்று பாருங்கள்.

19 ஜனவரி

இந்திரா நகர் நண்பர் ஒருவர், "நாலு பிஸ்டன் என்றால் இரண்டு பிஸ்டன் காலிப்பரைவிட இரண்டு மடங்கு பிடி" என்கிறார். இதைத் திருத்தியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்களும் இப்படிச் சொல்லியே விற்கிறார்கள்.

எதிரெதிராக பிஸ்டன் இருக்கிற காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும் எண்ணுங்கள். எதிர்ப்பக்கம் இருப்பது இந்தத் தள்ளலுக்குத் தாங்கு கொடுக்கிறது. 38 மி.மீட்டர் பிஸ்டன் நான்கு உள்ள காலிப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் 1,134, சேர்த்து 2,268. நம் பழைய கர்லிங் 16-இல் ஒரு பக்கத்துக்கு ஒரே பிஸ்டன், 2,290. கிட்டத்தட்ட ஒன்றுதான்!

மாருதி 800 போன்ற வண்டிகளில் வருகிற ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரும் இதே கணக்குதான். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும், காலிப்பர் உடம்பு பின்னுக்கு நகர்ந்து வெளிப்பக்கப் பேடை இழுக்கும். ஒரு பிஸ்டன் என்பதால் பாதி பிடி என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் பலவீனம் அந்த நகர்வுதான். காலிப்பர் உடம்பு நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்துவிட்டால் வெளிப்பக்கப் பேட் சும்மா இருக்கும், உள்பக்கப் பேட் மட்டும் தேயும். பத்மினியில் மாருதி டிஸ்க் மாட்டி ஓட்டுபவர்கள் இரண்டு பேடின் கனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் பின்னைக் கழற்றுங்கள்.

அப்படியானால் நாலு பிஸ்டனால் நன்மையே இல்லையா? இருக்கிறது. நீளமான பேடை இரண்டு இடத்தில் தள்ளுவதால் அழுத்தம் சீராகப் பரவும், பேட் ஒரு முனையில் சாய்வாகத் தேய்வது குறையும். அலுமினியம் என்பதால் சக்கரத்தில் எடையும் குறையும். 13 அங்குல ரிம்முக்குள் அது அடங்குமா என்று அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு இணையக் கடைக்காரர் எனக்கு அடங்கும் என்று எழுதிக்கொடுத்தார், அட்டை அடங்கவில்லை.

20 ஜனவரி

டயரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே.

கடைசியில் வண்டியை நிறுத்துவது ரோட்டைத் தொடுகிற ரப்பர்தான். உங்கள் 14 காலிப்பராலேயே முன் சக்கரத்தை லாக் செய்ய முடிகிறதா? முடிகிறது என்றால் அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிப்பர் போட்டாலும் முதல் நிறுத்தத்தின் தூரம் ஒரு அடிகூடக் குறையாது.

60 கி.மீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். ரோட்டில் டயரின் பிடிப்பு எண் 0.8 என்றால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 18 மீட்டர். அதே வண்டியில் பிடிப்பு 0.6 ஆனால் 24 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இடையில் உள்ள 6 மீட்டரில் ஒரு முழு வண்டி நிற்கும், அதற்கு மேலும் இடம் இருக்கும். ஹெரால்டுக்கு முதலில் வந்தது 5.20-13 கிராஸ்பிளை. இப்போது 155/80 ஆர்13 ரேடியல் கிடைக்கிறது. பட்டன் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பத்து வருஷத்துக்கு முந்தைய டயரை ஓட்டாதீர்கள், ரப்பர் கெட்டித்துவிடும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

25 ஜனவரி

மேலே எழுதியதில் "முதல் நிறுத்தம்" என்று சொன்னது வேண்டுமென்றேதான். அதன் மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் பெரிய டிஸ்க்குக்கே எதிரி என்று ஆகிவிடும், அப்படி இல்லை.

ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு டன் எடை என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீட்டரிலிருந்து நிற்க வைத்தால் சுமார் 247 கிலோஜூல் வெப்பம். அதில் முக்கால் பங்கு முன்பக்கம், இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து எட்டுக் கிலோ இரும்பு என்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 50 டிகிரி போல ஏறும். ஆறுவதற்கு நேரம் கொடுத்தால் ஒன்றுமில்லை.

இப்போது மலை இறங்குங்கள். அதே ஒரு டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 981 கிலோஜூல், அதாவது 80-இலிருந்து நாலு முறை நிறுத்தியதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி பிரேக்கில் விழும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும், கொல்லிமலையின் 70-ஐயும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36-ஐயும் இந்தக் கணக்கோடு நினைத்துப் பாருங்கள். இங்கே உதவுவது டிஸ்க்கின் எடையும் அகலமும். ஸ்பிட்ஃபயர் டிஸ்க் 9 அங்குலம், டிரையம்ப்பின் இன்னொரு காரான ஜிடி6-இன் டிஸ்க் 9.7. 16 காலிப்பரின் உண்மையான லாபம் அதோடு சேர்ந்து வருகிற இந்தப் பெரிய டிஸ்க்தான். ஆனால் அதைப் போட ஜிடி6-இன் ஹப், ஸ்டப் ஆக்சில் (சக்கரம் சுற்றும் குட்டை அச்சு), வெர்ட்டிகல் லிங்க் என்று முழுச் செட்டும் வேண்டும், ஏனென்றால் அதன் ஸ்டப் ஆக்சில் பருமன் வேறு. காலிப்பரை மட்டும் வாங்கி வந்து மாட்டுகிற வேலை இல்லை.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். இது டிஸ்க்குக்கும் பொருந்தும்.

26 ஜனவரி

பிரேக் ஆயில், சுருக்கமாக. டாட் என்பது அதன் தரக் குறி. டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் இழுத்த பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் வெறுமனே கீழே போகும். பெங்களூர் மழைக்காலம் தாண்டிய ஆயில், வருஷத்தில் சில நாள் மட்டும் எடுக்கிற வண்டியில் சும்மா நின்றே ஈரம் இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். டாட் 5 சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 அதன் தம்பி இல்லை, அது டாட் 4-இன் இனம். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுப் போனாலும் ரப்பர் எல்லாம் உப்பிவிடும், புனலைக்கூட தனியாக வையுங்கள்.

2 பிப்ரவரி

"இங்கிலாந்தில் டிஸ்க் வந்த வண்டி நமக்கு ஏன் டிரம்மோடு வந்தது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காலிப்பரை விட்டு விலகினாலும் எனக்குப் பிடித்த விஷயம்.

டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-இல். உலகம் கண் திறந்து பார்த்தது 1953-இல், டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவார் சி-டைப் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தபோது. 1955-இல் சிட்ரோயென் டிஎஸ், 1956-இல் கர்லிங் டிஸ்க்கோடு டிரையம்ப் டிஆர்3. அதாவது நம் ஹெரால்டைப் பெற்ற கம்பெனியே டிஸ்க்கை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒன்று. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஹெரால்டு கட்டத் தொடங்கியது 1961-இல், 948 சிசி எஞ்சின், முன்னால் 8 அங்குல டிரம், பின்னால் 7. அதற்கு அடுத்த வருடம் 1962-இல் டிவிஎஸ்ஸும் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கினார்கள். பிரேக் உருப்படிகள் இங்கேயே செய்யப்படத் தொடங்கிய காலம் அது. இறக்குமதிக்கு இருந்த கெடுபிடியில், உள்ளூரில் செய்ய முடிகிற டிரம்மை விட்டு வெளியிலிருந்து டிஸ்க் தருவிக்க எந்தக் கம்பெனியும் துணிந்திருக்காது என்பது என் கருத்து. ஃபியட்டிலும் இதே கதை: இத்தாலியில் 1966-இல் வந்த 1100 ஆர் முன்பக்கம் டிஸ்க், பம்பாயில் 1100 டி-யும் அதன் வாரிசான பத்மினியும் டிரம்மோடு ஓடின.

5 பிப்ரவரி

ஜே.சி. ரோடு போய் வந்தேன், பின்பக்க வீல் சிலிண்டர் ரப்பருக்காக. ஹெரால்டு என்று ஆரம்பித்ததும் கடைப் பெரியவர் கையை நீட்டி, "வண்டி பேரு வேணாம் சாமி, அளவு சொல்லுங்க" என்றார். பழைய ரப்பரை மேஜையில் வைத்தேன். வெர்னியரை எடுத்து உதடு, அடி, உயரம் மூன்றையும் அளந்து, மூன்றாவது டப்பாவிலிருந்து சரியாக எடுத்துக்கொடுத்தார். இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை நம் வண்டிகள் ஓடும்.

ஆனால் காலிப்பர் சீலுக்கு இந்த வழி வேண்டாம். அது சதுர வெட்டு ரப்பர் வளையம். பிஸ்டன் வெளியே போகும்போது வளையத்தின் விளிம்பு அதோடு சேர்ந்து வளையும், அழுத்தம் விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் ரிட்டர்ன் ஸ்பிரிங் இல்லாததற்குக் காரணம் இந்த வளையம்தான். கனம் கொஞ்சம் மாறினாலும் ஒன்று பேட் பிடித்தபடி இருக்கும், இல்லை பிஸ்டன் அதிகம் பின்வாங்கி முதல் மிதி வெறுமையாகப் போகும். அதற்கென்றே உள்ள கிட் வாங்குங்கள்.

பின்பக்கம் ஏன் போனேன் என்றால், ஹெரால்டின் பின் வீல் சிலிண்டரில் ஒரே பிஸ்டன். அது ஒரு ஷூவைத் தள்ளும்போது சிலிண்டர் உடம்பே பேக்பிளேட்டின் (ஷூக்களைத் தாங்கும் தகடு) நீள்துளையில் நகர்ந்து மற்ற ஷூவைத் தள்ள வேண்டும். அங்கே துரு ஏறினால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், ஹேண்ட் பிரேக்கும் பாதியாகும். பிரித்துத் துருவைச் சுரண்டி, கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும்படி செய்து, அதற்கான கிரீஸ் தடவினால் பிரேக் எழுந்து உட்காரும். பழைய லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள்.

முன்பக்கப் பிடியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், பின்பக்கம் தன் பங்கைச் செய்வதற்கு முன்பே முன் சக்கரம் லாக் ஆகிவிடும். நாலு டயரில் இரண்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்று ஆகும். 16 காலிப்பர் வேண்டாம் என்று நான் தயங்குவதற்கு இன்னொரு காரணம் இது.

9 பிப்ரவரி

தயக்கம் என்று எழுதிய பிறகு யோசித்தேன், இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால்தான் நியாயம். என் வண்டியில் 14 காலிப்பர், 9 அங்குல டிஸ்க். மச்சான் வண்டியில் ஜிடி6 செட் முழுதும், 16 காலிப்பர், 3/4 மாஸ்டர். டயர் இரண்டிலும் ஒரே வகை. தேவனஹள்ளிப் பக்கம் இன்னும் வீடு வராத ஒரு லேஅவுட் ரோட்டில் 60-இலிருந்து நிறுத்திப் பார்த்தோம். நின்ற இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மச்சான் வண்டியில் கால் கொஞ்சம் இலகு, அவ்வளவுதான்.

ஏற்காடு இறங்கியபோது கதை மாறியது. இரண்டு வண்டியிலும் நாலு பேர், டிக்கி நிறைய சாமான். கீழே வந்து பார்த்தால் என் சக்கரத்திலிருந்து பேட் காய்ந்த வாடை வந்தது, கடைசி வளைவுகளில் அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்பட்டது. மச்சான் வண்டியில் ஒன்றுமில்லை, மேலே இருந்த அதே பெடல். அதனால் தம்பி, குடும்பத்தோடு அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர் என்றால் முழுச் செட்டாகப் போடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஒயிட்ஃபீல்டிலிருந்து எம்.ஜி. ரோடுக்கும் ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கும் என்றால் 14-ஐயே புதிதாக்குங்கள், நல்ல பேட் போடுங்கள். பெடல் இன்னும் கட்டை என்றால் சர்வோ ஒன்று சேர்க்கலாம். அது காலுக்கு நேரடியாக உதவும்.

15 பிப்ரவரி

பதிவு பற்றிக் கேட்டவருக்கு. 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார் தகுதி பெறும், மூல வடிவத்தில் இருக்க வேண்டும். பெரிய மாற்றம் என்று அங்கே பெயர் சொல்லியிருப்பது சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றையும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவுக்குப் போனால் அன்றாடம் ஓட்ட முடியாது. என் ஆலோசனை: கழற்றிய டிரம், பேக்பிளேட், பைப் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். சேசிஸில் வெல்டிங் இல்லாமல், துளை போடாமல், போல்ட்டில் மட்டும் மாட்டுகிற மாற்றம் என்றால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம்.

22 பிப்ரவரி

தம்பி எழுதியிருக்கிறார்: வலது ஹோஸ் அடைத்திருந்தது, அதே பக்கம் உள் பிஸ்டனில் தூசி ரப்பருக்கு மேலே குரோம் பொத்தலாகித் துரு. இரண்டு பக்கமும் ஹோஸ், ஸ்டெயின்லெஸ் பிஸ்டன், சீல் கிட் எல்லாம் மாற்றியாயிற்று, இழுப்பு நின்றுவிட்டது, 16-க்கு ஆர்டர் போடவில்லை. மிகவும் மகிழ்ச்சி. காலிப்பரின் இரண்டு பாதிகளையும் பிரிக்காமலேயே பிஸ்டனை எடுத்தார் என்பதில் கூடுதல் மகிழ்ச்சி, அந்த நடு போல்ட்டுகளைத் தொடக் கூடாது.

இனி செய்ய வேண்டியவை. புதுப் பேடை முதல் நாளே அழுத்தி மிதிக்காதீர்கள். காலி ரோட்டில் 60-இலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, இடையில் ஆறவிட்டு, இப்படிப் பல முறை செய்யுங்கள். சூட்டோடு மிதித்தபடி நிற்க வேண்டாம், பேட் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். வளைவு தாண்டியதும் முதல் மிதி ஆழமாகப் போய் இரண்டாவது மிதி சரியாக வந்தால் வீல் பேரிங் தொளதொளத்திருக்கிறது, டிஸ்க் ஆடிப் பிஸ்டனை உள்ளே தள்ளுகிறது. பேரிங்கைச் சரி செய்யுங்கள், ஆனால் முழுக்க இறுக்கிவிடாதீர்கள், அந்தப் பேரிங்குக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு காலிப்பர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபார்த்து, லாக் தகட்டை மடக்கிவிடுங்கள். பழைய தகட்டை மறுபடி மடக்கினால் உடையும், புதிது போடுங்கள்.

பத்மினி வைத்திருக்கும் பையப்பனஹள்ளி சாருக்கு: மாஸ்டர் சிலிண்டர் துளை, முன் பிஸ்டன் விட்டம், பின் வீல் சிலிண்டர் துளை, மூன்றையும் அளந்து எழுதுங்கள். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டர்கள் சிலவற்றில் உள்ளே ஒரு செக் வால்வு இருக்கும், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்க்குக்கு அது இருந்தால் பேட் உரசிக்கொண்டே சூடேறும். உங்கள் வண்டி ஓடினபிறகு சக்கரம் சுடுகிறது என்றீர்களே, ஸ்லைடு பின்னையும் இந்த வால்வையும் முதலில் பாருங்கள்.